‘பிக்கப் பண்றேன்’ என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு ‘பிக் அப்’

மதுரையிலிருந்து பெரியம்மா வருகிறார். முந்தின நாள் ராத்திரியே போன். “ஏம்ப்பா, நாளைக்கு வைகையில வர்றேன். எழும்பூருக்குப் பிக்கப் பண்ண வருவியா, இல்ல நானே ஆட்டோ பிடிச்சுக்கவா?” பெரியம்மா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். இங்கிலீஷ் எழுத்தை இன்றும் கூட்டிக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் ‘பிக்கப்’ என்ற சொல்லை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

நான் மாலை நேரத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறவன். என் வகுப்புக்கு வரும் பட்டதாரிப் பையன்களோ இதே சொல்லைக் கண்டு மிரள்கிறார்கள். “சார், டிக்‌ஷனரியில ‘பிக் அப்’புக்கு மட்டும் ஒரு பக்கம் அர்த்தம் போட்டிருக்கான். தூக்குறதுன்னு ஒண்ணு, கத்துக்குறதுன்னு ஒண்ணு, வாங்குறதுன்னு ஒண்ணு, குணமாகுறதுன்னு ஒண்ணு. எதைன்னு மனப்பாடம் பண்றது?” என்று ஒருவர் போன வாரம் கேட்டார். மனப்பாடம் பண்ண வேண்டாம் என்றேன். அன்றைக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த வகைச் சொல்லைப் பற்றி. ஒரு வினைச்சொல், அதன் பின்னால் ஒரு குட்டிச் சொல்: அப், டவுன், ஆஃப், அவுட், ஆன் என்று ஏதாவது ஒன்று. இரண்டும் சேர்ந்ததும் தனித்தனியே இருந்தபோது இல்லாத ஒரு பொருள் வந்துவிடும். இதைத்தான் ஃப்ரேசல் வெர்ப் என்கிறார்கள். 1755-ல் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன் அதன் முன்னுரையிலேயே, அயல்நாட்டார் எங்கள் மொழியைக் கற்கும்போது மிகவும் திண்டாடுவது இந்த இடத்தில்தான் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆக, நாம் திண்டாடுவதற்கு இரண்டரை நூற்றாண்டுக்கு முன்பே அனுமதி கிடைத்துவிட்டது.

ஆனால் தமிழர்களுக்கு இது அவ்வளவு அந்நியமான சங்கதியும் இல்லை. தமிழ் கற்க வரும் ஒரு வெள்ளைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ‘தலை’ தெரியும், ‘இடு’ தெரியும். ‘தலையிடாதே’ என்றால் என்ன புரிந்துகொள்வார்? தலையை எங்கே கொண்டுபோய் இடுவது என்று விழிப்பார். ‘கை’ தெரியும், ‘விடு’ தெரியும். ‘மருத்துவர்கள் கைவிட்டுவிட்டார்கள்’ என்றால், மருத்துவர்கள் எதற்குள் கையை விட்டார்கள் என்று கேட்பார். கைகொடு, காதுகொடு, வாய்விட்டுச் சிரி, கண்வை என்று நம்மிடம் இப்படி ஒரு படையே இருக்கிறது. நாம் யாரும் இவற்றைப் பட்டியல் போட்டுப் படிக்கவில்லை. தலையை நுழைக்கிறவன் அடுத்தவன் விவகாரத்தில் நுழைகிறான், பிடித்த கையை விட்டவன் ஆதரவை நிறுத்திக்கொண்டான் என்ற படம் நம் மனதில் இருக்கிறது. பொருள் அந்தப் படத்திலிருந்து வருகிறது. ‘பிக் அப்’புக்கும் அப்படி ஒரு படம் வேண்டும். என் கணக்கில் ஒன்றல்ல, இரண்டு படம் வேண்டும்.

கோழியிலிருந்து தொடங்குவோம்

‘பிக்’ என்பதன் பழைய பொருள் கூரான ஒன்றால் குத்துவது, கொத்துவது. பல்குச்சிக்கு ஆங்கிலத்தில் டூத்பிக் என்று பெயர் வைத்ததும் அந்த வழியில்தான். கொத்துவதிலிருந்து பறிப்பது வந்தது, பூப்பறிப்பதும் ‘பிக்’தான். பல பூக்களில் ஒன்றைப் பறிக்கிறோம் என்பதால், பலவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதும் ‘பிக்’ ஆயிற்று.

தமிழில் இதற்கு அச்சுவார்த்த மாதிரி ஒரு சொல் இருக்கிறது: பொறுக்கு. முற்றத்தில் சிந்திய அரிசியைக் கோழி கொத்திப் பொறுக்குகிறது. கீழே விழுந்த மாங்காயைப் பிள்ளைகள் பொறுக்குகிறார்கள். நல்ல தக்காளியாகப் பார்த்துப் பொறுக்கி எடுக்கிறோம். கொத்துவது, கீழே கிடப்பதை எடுப்பது, தேர்ந்தெடுப்பது ஆகிய மூன்றுமே அந்த ஒரு சொல்லில் அடக்கம். (அதே சொல்லோடு ஓர் இகரம் சேர்ந்து வசவாகவும் ஆகிவிட்டதால் பெரிய மனிதர்கள் அதைத் தவிர்க்கிறார்கள். பாவம், நல்ல சொல்.)

இதனுடன் ‘அப்’ சேர்கிறது. மேலே. இனி முதல் படம்: கீழே கிடந்தது மேலே வருகிறது. இரண்டாவது படம்: போகிற போக்கில், வழியில் கிடைத்தது நம்மோடு சேர்ந்துகொள்கிறது. அகராதியில் ஒரு பக்கத்துக்கு இருக்கும் பொருள்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு படங்களின் குட்டிகள்தான்.

கீழிருந்து மேலே

எளிமையானது, கையால் எடுப்பது. ‘பிக் அப் த பென்.’ பேனாவைக் கீழேயிருந்து எடு. குழந்தை அழுதால் ‘பிக் ஹெர் அப்’, தூக்கிக்கொள். தடுக்கி விழுந்தவர் தானே எழுந்து நின்றால் ‘ஹி பிக்ட் ஹிம்செல்ஃப் அப்’. தன்னைத் தானே தூக்கி நிறுத்திக்கொண்டார். வியாபாரத்தில் விழுந்து எழுந்தவருக்கும் இதையே சொல்வார்கள்.

போனும் இங்கேதான் வருகிறது. பழைய தொலைபேசியில் ரிசீவர் தாங்கியின்மேல் படுத்திருக்கும். மணி அடித்தால் அதைக் கையால் தூக்க வேண்டும். அதனால் ‘பிக் அப் த போன்’. இன்றைக்குக் கண்ணாடித் திரையில் விரலை இழுக்கிறோம், தூக்குவதற்கு எதுவும் இல்லை, சொல் மட்டும் அப்படியே நிற்கிறது. நாமும் ‘போனை எடு’ என்றுதான் இன்னும் சொல்கிறோம், ‘போனை இழு’ என்று யாரும் சொல்லக் காணோம்.

அடுத்து, எடுக்க யாரும் இல்லாமல் தானாகவே மேலே வருவது. ‘பிசினஸ் இஸ் பிக்கிங் அப்.’ படுத்துக் கிடந்த வியாபாரம் எழுகிறது. ‘த விண்ட் பிக்ட் அப்’, காற்று வலுத்தது. ‘த கார் பிக்ட் அப் ஸ்பீட்’, கார் வேகம் எடுத்தது. காய்ச்சலில் கிடந்தவர் தேறி வந்தாலும் ‘ஹி இஸ் பிக்கிங் அப்’ என்பார்கள். சோர்ந்திருக்கும்போது குடிக்கிற ஒரு கோப்பை சூடான காபிக்கு ஆங்கிலத்தில் ‘பிக் மீ அப்’ என்று ஒரு செல்லப் பெயர்கூட உண்டு. ‘என்னைத் தூக்கி நிறுத்து’ என்று பொருள்.

இந்தப் பொருளை நம் கடைத்தெரு எப்போதோ சுவீகரித்துவிட்டது. “கடை இப்பதான் பிக்கப் ஆகுது”, “படம் ரெண்டாவது நாள்ல இருந்து பிக்கப் ஆயிடுச்சு”, “பையன் கணக்குல பிக்கப் ஆயிட்டான்.” மூன்றிலும் படம் ஒன்றே: கிடந்தது எழுந்தது. கொஞ்சம் கவனித்தால் இன்னொன்றும் தெரியும். நல்ல தமிழில் இதே இடங்களில் ‘பிடி’ வருகிறது. வியாபாரம் சூடு பிடிக்கிறது. வண்டி வேகம் பிடிக்கிறது. இந்தப் ‘பிடி’யை மறக்காதீர்கள், கீழே மறுபடி வருவார்.

போகிற போக்கில்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஆங்கிலத்தில் ‘பிக் அப்’ சொல்கிற எத்தனையோ இடங்களில் ‘போகிற போக்கில்’ என்ற நம் வழக்கைச் சேர்த்துப் பாருங்கள், பூட்டுக்குச் சாவி மாதிரி பொருந்தும்.

‘ஐ வில் பிக் அப் சம் மில்க் ஆன் த வே ஹோம்.’ வீட்டுக்கு வருகிற வழியில் அப்படியே பால் வாங்கி வருகிறேன். இங்கே ‘பை’ என்றும் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் ‘பை’ என்றால் வாங்குவதே வேலை. ‘பிக் அப்’ என்றால் அது வழியில் முடிகிற சின்ன வேலை. தைக்கக் கொடுத்த சட்டையை வாங்கி வருவது, கூரியரைப் போய் எடுத்து வருவது, எல்லாம் இதே ரகம். ஆனால் ‘ஐ பிக்ட் அப் எ ஹவுஸ்’ என்று யாராவது சொன்னால், வீட்டைக் கத்தரிக்காய் மாதிரி வாங்கியிருக்கிறார் என்று பொருள். கேட்கிறவர் சிரிப்பார், அல்லது வயிறெரிவார்.

ஆளைக் கூட்டி வருவதும் இப்படித்தான் பிறந்தது. போகிற வண்டி வழியில் நிற்கிறது, ஒருவரை ஏற்றிக்கொள்கிறது. ‘ஐ வில் பிக் யூ அப் அட் சிக்ஸ்.’ ஆறு மணிக்கு வந்து உன்னைக் கூட்டிக்கொள்கிறேன். பெரியம்மா கேட்டது இந்தப் பொருளில்தான். பஸ்ஸும் ரயிலும் பயணிகளை ஏற்றிக்கொள்வதற்கும் இதே சொல்.

மொழி கற்பதற்கு வருவோம். இதில்தான் ‘லேர்ன்’ என்ற சொல்லுக்கும் ‘பிக் அப்’புக்கும் அழகான வேறுபாடு இருக்கிறது. மதுரைக்கு வேலைக்கு வந்த ஒரு பீகார்க்காரர் ஆறு மாதத்தில் “அண்ணே, ரெண்டு டீ” என்று ஆரம்பித்து மூன்றாவது வருடம் பேரம் பேசுகிற அளவுக்குத் தமிழ் பேசுகிறார் என்றால், ‘ஹி பிக்ட் அப் தமிழ்’. புத்தகம் இல்லை, வாத்தியார் இல்லை. காதில் விழுந்தது ஒட்டிக்கொண்டது. அதையே வகுப்பில் உட்கார்ந்து, இலக்கணம் படித்து, பரீட்சை எழுதிக் கற்றிருந்தால் ‘லேர்ன்ட்’ என்பதுதான் முறை. நேர்முகத் தேர்வில் “இந்த சாஃப்ட்வேர் எங்கே கற்றீர்கள்?” என்று கேட்டால் ‘ஐ பிக்ட் இட் அப் ஆன் த ஜாப்’ என்று சொல்வது கம்பீரமான பதில்: வேலை செய்துகொண்டே கற்றேன். நான்கு வருடம் கட்டணம் கட்டிப் படித்த இன்ஜினியரிங்கை ‘பிக்ட் அப்’ என்று சொன்னால், அப்பாவின் பணம் எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றும்.

ஒட்டிக்கொள்வது நல்லதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஹாஸ்டலில் ஒட்டிக்கொண்ட சிகரெட் பழக்கமும் ‘பிக்ட் அப்’தான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடமிருந்து தொற்றிய சளியும் ‘பிக்ட் அப்’. நாம் என்ன சொல்கிறோம்? சளி பிடித்துக்கொண்டது. பார்த்தீர்களா, ‘பிடி’ மறுபடி வந்துவிட்டார்.

ரேடியோவிலும் அவரேதான். “எங்க வீட்டு ரேடியோவுல சிலோன் நல்லா பிடிக்கும்” என்று ஒரு தலைமுறையே பெருமை பேசிய காலம் உண்டு. காற்றில் மிதந்து வருகிற அலையை வானொலி பிடிக்கிறது. அதை ஆங்கிலத்தில் சொன்னால் ‘அவர் ரேடியோ பிக்ஸ் அப் சிலோன்’. மைக் பக்கத்தில் யாராவது இருமினால் அதையும் மைக் ‘பிக்ஸ் அப்’. மோப்ப நாய் வாசனையைப் பிடிப்பதும் இதே. மனிதர்கள் குறிப்பறிவதற்கு மட்டும் இன்னொரு குட்டிச் சொல் கூடுதலாகச் சேரும்: ‘பிக் அப் ஆன்’. ‘ஷி பிக்ட் அப் ஆன் ஹிஸ் சேட்னஸ்.’ அவன் சொல்லாமலே அவன் வருத்தத்தை அவள் பிடித்துக்கொண்டாள்.

போலீஸ் விஷயத்தில் தமிழும் ஆங்கிலமும் ஒரே தெருவில் வசிக்கின்றன. ‘த போலீஸ் பிக்ட் ஹிம் அப்’ என்பதை எந்த அகராதியும் இல்லாமல் மொழிபெயர்க்கலாம்: போலீஸ் அவனைத் தூக்கிட்டாங்க. விசாரணைக்காகக் கொண்டுபோவதைத்தான் இரண்டுமே சொல்கின்றன. வழக்கு, நீதிமன்றம் எல்லாம் அப்புறம்.

கிரிக்கெட் பார்க்கிறவர்கள் வர்ணனையில் இதைக் கேட்டிருப்பீர்கள். ‘ஹி பிக்ட் அப் த்ரீ விக்கெட்ஸ்’, மூன்று விக்கெட் எடுத்தார். ‘ஹி டிடின்ட் பிக் த கூக்ளி’ என்பதும் காதில் விழுந்திருக்கும். அங்கே ‘அப்’ கிடையாது. பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்பதைக் கையைப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை என்று பொருள். ஒரு குட்டிச் சொல் இருக்கிறதா இல்லையா என்பதில் பேச்சு பந்துவீச்சாளரிடமிருந்து மட்டையாளருக்கு மாறிவிடுகிறது.

இரண்டு படத்துக்கும் நடுவில் நிற்கிற சிலவும் உண்டு. ஓட்டலில் மேசைமேல் பில் வருகிறது, எல்லாரும் கூரையைப் பார்க்கிறார்கள், ஒருவர் மட்டும் அதைக் கையில் எடுக்கிறார். எடுத்தவர் கொடுக்க வேண்டியதுதானே! ‘ஹி பிக்ட் அப் த பில்’ என்றால் செலவை ஏற்றுக்கொண்டார். இதே போல, நேற்று பாதியில் வைத்த பேச்சை இன்று கையில் எடுப்பது: ‘லெட் அஸ் பிக் அப் வேர் வி லெஃப்ட் ஆஃப்’. விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்போம்.

ஒரு சொல் எச்சரிக்கை. மதுக்கூடத்திலோ விருந்திலோ முன்பின் தெரியாத ஒருவரோடு சரசமாகப் பேசிக் கூட்டிக்கொண்டு போவதற்கும் ஆங்கிலத்தில் ‘பிக் அப்’ உண்டு. நம் கல்லூரிப் பையன்கள் தமிழிலும் அப்படிச் சொல்கிறார்கள். ஆகவே ‘ஐ பிக்ட் அப் எ கேர்ள்’ என்று மொட்டையாகச் சொல்லி நிறுத்தாதீர்கள். மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்தீர்கள் என்றால் ‘மை டாட்டர்’, ‘ஃப்ரம் ஸ்கூல்’ இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

இத்தனையையும் பார்த்தபின் வகுப்பில் நான் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்வேன்: எதை? எதை ‘பிக் அப்’ செய்தார்? பதில் போன் என்றால் எடுத்துப் பேசினார். ஆள் என்றால் கூட்டி வந்தார். மொழி என்றால் கற்றார், சளி என்றால் தொற்றிக்கொண்டது, பில் என்றால் பணம் கொடுத்தார். ‘எதை’ என்ற கேள்விக்கு வாக்கியத்தில் பதிலே இல்லையென்றால் பெரும்பாலும் ஏதோ ஒன்று தேறுகிறது, வலுக்கிறது. அகராதியின் ஒரு பக்கத்தை இந்த ஒரு கேள்வி பாதிக்கு மேல் தின்றுவிடும்.

நாம் எங்கே இடறுகிறோம்

பொருள் புரிந்துவிட்டது. வாயில் வரும்போது இரண்டு இடத்தில் கால் இடறும். இரண்டுக்கும் காரணம், நாம் தமிழுக்குள் வைத்துப் பழகிய ‘பிக்கப்’.

முதலாவது, எங்கள் வகுப்பில் வாரம் ஒருமுறையாவது கேட்பது: ‘ஐ வில் பிக்கப் யூ.’ தமிழில் ‘பிக்கப் பண்றேன்’ என்று ஒரே சொல்லாக ஒட்டவைத்துப் பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் அது ஒட்டாத இரண்டு சொல். நடுவில் ஆள் புகுந்துகொள்ள இடம் உண்டு. ஆளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால் எங்கே வைத்தாலும் சரி: ‘பிக் அப் த சில்ட்ரன்’ என்றும் சொல்லலாம், ‘பிக் த சில்ட்ரன் அப்’ என்றும் சொல்லலாம். ஆனால் பெயருக்குப் பதிலாக மீ, யூ, ஹிம், ஹெர், இட், அஸ், தெம் என்று சின்னச் சொல் வந்தால் அது நடுவில்தான் உட்கார வேண்டும். ‘பிக் யூ அப்’, ‘பிக் இட் அப்’, ‘பிக் தெம் அப்’. வேறு வழியே கிடையாது. என் மாணவர்களுக்கு நான் சொல்லும் குறுக்குவழி, ஸ்கூட்டரில் போகிற குடும்பம்: அப்பா முன்னால், அம்மா பின்னால், சின்னப் பிள்ளை நடுவில். பிள்ளை வளர்ந்துவிட்டால் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். சின்னதாக இருக்கும்வரை நடுவில்தான். (ஹெல்மெட் பற்றிய கேள்வியை அந்த வகுப்பில் நான் எடுத்துக்கொள்வதில்லை.)

மேலே சொன்ன ‘பிக் அப் ஆன்’ இந்த விதிக்கு வெளியே. அது மூன்றும் ஒட்டியே இருக்கும்: ‘பிக்ட் அப் ஆன் இட்’. நடுவில் யாரையும் ஏற்றாது.

இரண்டாவது இடறல், ‘அப்’பை விழுங்கிவிடுவது. ‘ஹி இஸ் நாட் பிக்கிங் மை கால்.’ இந்தியா முழுக்க இப்படிப் பேசுகிறார்கள், நமக்குள் பேசினால் எல்லோருக்கும் புரியும். ஆனால் லண்டனிலோ நியூயார்க்கிலோ இருப்பவர் காதில் அது ‘என் அழைப்பை அவர் தேர்ந்தெடுக்கவில்லை’ என்று விழும். ‘ஹி இஸ் நாட் பிக்கிங் அப்’ என்றாலே போதும். ‘கால்’ என்ற சொல்லே தேவையில்லை. இதேபோல ‘மை பிரதர் வில் கம் டு பிக் மீ’ என்றால், ஏதோ போட்டியில் என்னைத் தேர்வு செய்ய அண்ணன் வருகிறார் என்று ஆகும். ‘பிக் மீ அப்.’ அந்த ‘அப்’ இருந்தால்தான் வண்டி வரும்.

ஜவுளிக்கடையில் பெண்ணைப் பார்த்து ‘பிக் எ சாரி’ என்றால் பிடித்த புடவையைத் தேர்ந்தெடு. ‘பிக் அப் எ சாரி’ என்றால் ஒரு புடவையைக் கையில் எடு, அல்லது வரும் வழியில் வாங்கி வா. எந்தக் கணவனும் இரண்டாவதைச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. புடவை என்ன, போகிற போக்கில் வாங்குகிற பொருளா?

‘பிக் அவுட்’, ‘பிக் ஆன்’ என்பவையெல்லாம் வேறு வீட்டுப் பிள்ளைகள். முன்னது கூட்டத்தில் ஒன்றை அடையாளம் கண்டு எடுப்பது. பின்னது ஒருவரையே குறிவைத்துச் சீண்டுவது. இப்போதைக்கு அவர்களை வாசலோடு நிறுத்திக்கொள்வோம்.

காதுக்கும் கொஞ்சம்

எழுத்தில் ‘பிக்’ தனி, ‘அப்’ தனி. ஆனால் ஆங்கிலேயர் பேசும்போது நமக்குக் கேட்பது ‘பிக்கப்’. இதற்கு அவர்களிடம் விளக்கம் தேடிப் போக வேண்டாம், பள்ளியில் படித்த நன்னூலிலேயே இருக்கிறது: ‘தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்.’ மண், எண்ணெய் சேர்ந்தால் மண்ணெண்ணெய். ‘பி’ தனிக்குறில், ‘க்’ ஒற்று, அடுத்து வரும் ‘அ’ உயிர். பிக்கப். பவணந்தி முனிவர் ஆங்கிலத்துக்காக எழுதவில்லைதான், ஆனாலும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதைப் பார்க்கையில் வகுப்பில் ஒரு சின்ன ஆரவாரம் எழும். ‘பிக் இட் அப்’ இப்படியே ஒட்டி, ‘பிக்கிட்டப்’ என்று வரும்; அமெரிக்கர் வாயில் நடுவிலுள்ள ஒலி இன்னும் மென்மையாகி ‘பிக்கிடப்’ என்று கேட்கும். இறந்த காலத்து ‘பிக்ட் அப்’ ஒரே மூச்சில் ‘பிக்டப்’. படத்தில் சப்டைட்டில் இல்லாமல் பார்க்கும்போது காதில் விழுந்தும் புரியாமல் போவதற்குப் பாதிக் காரணம் இந்தப் புணர்ச்சிதான்.

அழுத்தத்தையும் கவனியுங்கள். வினையாக வரும்போது அழுத்தம் ‘அப்’ மேல் விழும். பெயராக வரும்போது ‘பிக்’ மேல். எழுதும்போது பெயர்ச்சொல்லை ஒட்டியோ நடுவில் கோடு போட்டோ எழுதுவார்கள். வினையை அப்படி ஒட்டி எழுதினால் பிழை. வாட்ஸ்ஆப்பில் நாம் அனுப்புகிற செய்திகளில் பாதி இந்தப் பிழைதான். யாரும் உயிரை விடப்போவதில்லை, ஆனால் அலுவலக மெயிலில் பார்த்து எழுதுங்கள்.

பெயர்ச்சொல்லாக இது போய் உட்கார்ந்திருக்கும் இடங்கள் சுவையானவை. முன்னால் ஓட்டுநர் அறை, பின்னால் திறந்த தொட்டி: சரக்கை அள்ளிப் போட்டுக்கொண்டு போகிற பிக்கப் வண்டி. அமெரிக்காவில் விவசாயிகள் தங்கள் மாடல் டி காருக்குப் பின்னால் தாங்களே மரப்பெட்டி கட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த ஃபோர்டு நிறுவனம் 1925-ல் தொழிற்சாலையிலேயே தொட்டி வைத்த மாடலை இறக்கியது. பெயரிலேயே ‘பிக்கப் பாடி’ என்று போட்டு, 281 டாலர் விலை வைத்தது. நம் ஊரில் தக்காளி ஏற்றி வருகிற குட்டி வண்டிக்கும் அதே பெயர்தான் வழங்குகிறது. வேடிக்கை என்னவென்றால், ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயர் அச்சேறிப் பரவத் தொடங்கியதும் அதே 1925-தான். லோகன் பியர்சால் ஸ்மித் என்பவர், ஆக்ஸ்போர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி தனக்குச் சொன்ன பெயர் இது என்று குறிப்பிட்டு அதை எழுதினார். ஒரே ஆண்டில் வண்டியும் வந்தது, வகையின் பெயரும் வந்தது.

எலெக்ட்ரிக் கிடாரில் கம்பிகளுக்குக் கீழே இருக்கும் பட்டைக்கும் பிக்கப் என்றே பெயர். காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச்சுருளும். எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது, அது ஒலிபெருக்கிக்குப் போகிறது. அதிர்வைப் ‘பிடிக்கிற’ கருவி. கச்சேரியில் வீணையின் மேல் ஒட்டிவைக்கிற சின்னக் கருவிக்கும் அதே வேலைதான். அது காந்தத்தால் அல்லாமல் மரத்தின் அதிர்வையே நேரடியாகப் பிடிக்கும்.

வண்டிக் கடையில் மெக்கானிக் சொல்வது இன்னொன்று: “மைலேஜ் குடுக்குது சார், பிக்கப்புதான் கம்மி.” ஆக்சிலேட்டரை முறுக்கினதும் சட்டென்று வேகம் பிடிக்கிற திறன். இது நம் ஊர்க் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. ஆங்கில அகராதியிலும் இருக்கிறது, தைரியமாகச் சொல்லலாம்.

பயிற்சிக்கு ஒரு வாக்கியம் தருகிறேன். ‘ஐ பிக்ட் அப் எ கோல்ட், சோ ஐ டிடின்ட் பிக் அப் வென் யூ கால்ட், பட் ஐ வில் பிக் யூ அப் டுமாரோ அண்ட் பிக் அப் த பில் ஃபார் லன்ச்.’ நான்கு ‘பிக் அப்’. ஒவ்வொன்றிலும் ‘எதை’ என்று கேளுங்கள். இரண்டாவதில் மட்டும் பதில் வராது, ஆனால் எதுவும் தேறவும் இல்லை. போன் என்ற சொல்லை வெளிப்படையாகச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். பின்னாலேயே ‘கால்ட்’ வருவதால் அது தானாகப் புரிந்துவிடும். ஒன்றில் மட்டும் ‘யூ’ நடுவில் உட்கார்ந்திருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியம்மாவை எழும்பூரில் கூட்டிக்கொண்டேன். இரண்டு பை, ஒரு கட்டைப்பை நிறைய முருங்கைக்காய், பின்சீட்டில் பெரியம்மா. மேம்பாலம் ஏறும்போது என் பழைய ஸ்கூட்டர் முனகியது. பெரியம்மா என் தோளைத் தட்டினார்.

“என்னப்பா வண்டி வச்சிருக்க, பிக்கப்பே இல்லையே!”